‘ஓம்’ என்றால் எந்த ஓம்?

வாசகர் கேள்விகளும் அன்ரியின் பதில்களும்

போன மாதம் ஒரு பிள்ளை ‘அன்ரி, நீங்கள் முன்பு என்ன வேலை பார்த்தீர்கள்?’ என்று கேட்டிருந்தா. பியகமவில் கையுறைத் தொழிற்சாலை ஒன்றில் பதினேழு வருடம் ஆளணி முகாமையாளர், பிறகு டுபாயில் கப்பல் முகவர் அலுவலகம் ஒன்றில் ஒன்பது வருடம், இப்போது கொக்குவிலில் முருங்கை மரத்துக்குக் காவல் என்று எழுதினேன். அவ்வளவுதான். இந்த மாதம் வந்த கடிதங்களில் சமையலும் இல்லை, மாமியாரும் இல்லை. எல்லாம் கொம்பனிக் கதை. சரி, மாமியார்மார் ஒரு மாதம் ஓய்வெடுக்கட்டும்.

கேள்வி: திருநெல்வேலியில் இருந்துகொண்டு நோர்வே மென்பொருள் கொம்பனி ஒன்றுக்கு வேலை செய்கிறேன். ஒஸ்லோவில் இருக்கும் என் முகாமையாளர் என்னைவிட இருபது வயது மூத்தவர். அவரைப் பெயர் சொல்லித்தான் கூப்பிட வேண்டுமாம். அதற்குக்கூடப் பழகிவிட்டேன். ஆனால் கூட்டத்தில் ‘நான் சொல்வதில் என்ன பிழை, சொல்லுங்கள்’ என்று கேட்கிறார். எனக்கு வாய் வராது. இந்த வருட மதிப்பீட்டில் ‘வேலை நன்று, கருத்துச் சொல்வதே இல்லை’ என்று எழுதிவிட்டார். கருத்து இல்லாமல் இல்லை அன்ரி. எப்படிச் சொல்வது?
– பெயர் வேண்டாம், திருநெல்வேலி

பதில்: தம்பி, உங்கள் கடிதத்தை வாசித்ததும் 1994 சித்திரை மாதத்துத் திங்கட்கிழமை ஒன்று நினைவுக்கு வந்தது. எங்கள் பணிப்பாளர் ஒல்லாந்துக்காரர். நெடுவல், சத்தம் போட்டுக் கதைக்காத மனிதர். காலைக் கூட்டத்தில் எங்கள் ஆறு பேரையும் பார்த்து, ‘வெள்ளிக்கிழமை ஒரு கொள்கலன் முழுக்க அனுப்பலாமா?’ என்று கேட்டார். கொதிகலன் சனிக்கிழமையிலிருந்து இருமிக்கொண்டிருந்தது பொறியியலாளருக்குத் தெரியும். அட்டைப்பெட்டிகள் இன்னும் வரவில்லை என்பது களஞ்சியக்காரருக்குத் தெரியும். வருடப் பிறப்புக்கு ஊருக்குப் போன பெண்பிள்ளைகளில் முப்பது பேர் புதன்கிழமைதான் திரும்புவார்கள் என்பது எனக்குத் தெரியும். ஆறு பேரும் ஒரே குரலில் ‘யெஸ் சேர்’ என்றோம். வெள்ளிக்கிழமை கொள்கலன் வந்தது. பாதி வெறுமையாகப் போனது.

மனிதர் ஏசவில்லை. ‘திங்கட்கிழமையே உங்களுக்குத் தெரியுமா?’ என்று மட்டும் கேட்டார். தெரியும் என்றோம். ‘பிறகு ஏன் ஓம் என்றீர்கள்?’ ஒருவரும் வாய் திறக்கவில்லை. கடைசியில் களஞ்சியக்காரர், மாத்தளைப் பக்கத்து வயதானவர், மெல்லச் சொன்னார்: ‘நீங்கள் கேட்டது கேள்வி என்று தெரியவில்லை சேர். கட்டளை என்று நினைத்தோம்.’

அன்று பின்னேரம் தேத்தண்ணீர் குடித்தபடி அவருக்கு எங்கள் ஊர் ‘ஓம்’களைப் பற்றி வகுப்பெடுத்தேன். ‘ஓம்’ என்று ஒருதரம் சொன்னால், நீங்கள் சொன்னது காதில் விழுந்தது. ‘ஓம் ஓம்’ என்று இரண்டுதரம் சொன்னால், கதையை முடியுங்கள். ‘ஓம், பார்ப்பம்’ என்றால் நடக்காது. ‘ஓமோம், அதுக்கென்ன’ என்றால் முருகன் விட்ட வழி. செய்கிறேன் என்பதற்கென்று தனியாக ஒரு ஓம் எங்களிடம் இல்லை, செய்து முடித்துவிட்டுத்தான் வந்து சொல்வோம் என்றேன். மனிதர் நான்கையும் தன் கொப்பியில் எழுதிக்கொண்டார்.

அடுத்த திங்கட்கிழமை அவர் கேள்வியை மாற்றினார். ‘வெள்ளிக்கிழமை அனுப்பலாமா?’ என்று கேட்கவில்லை. ‘வெள்ளிக்கிழமை அனுப்பவிடாமல் எது மறிக்கும்?’ என்று கேட்டார். அப்போது பார்க்க வேண்டும். ஆளுக்கு மூன்று காரணம், யாருடைய தடை பெரியது என்று போட்டி. மறிக்கிற சாமானைச் சொல்வது அவர் கேட்ட கேள்விக்கான பதிலாகிவிட்டது. அவரை எதிர்த்துக் கதைக்கிற பயம் போய்விட்டது. இரண்டு சொல்லை மாற்றினார், அவ்வளவுதான்.

இப்படி உங்களுக்கு மட்டும் நடக்கிறது என்று நினைக்காதீர்கள். ஹொஃப்ஸ்டெட் என்று ஒரு ஆய்வாளர், அவரும் ஒல்லாந்துக்காரர்தான். 1967 முதல் 1973 வரை ஐபிஎம் என்ற அமெரிக்கக் கணினிக் கொம்பனி தன் கிளைகளில் ஊழியர்களிடம் நிரப்பி வாங்கிய லட்சத்துக்கும் மேற்பட்ட படிவங்களை எடுத்து நாடு நாடாகப் பிரித்துப் பார்த்தார். கொம்பனி ஒன்று, வேலை ஒன்று, ஆனால் பதில்கள் நாட்டுக்கு நாடு வேறாக வந்தன. மேலே இருப்பவர் மேலேதான், கீழே இருப்பவர் கீழேதான் என்பதைக் கீழே உள்ளவர்கள் எவ்வளவு இயல்பாக ஏற்றுக்கொள்கிறார்கள் என்று அளந்து ஓர் எண் கொடுத்தார். மலேசியாவுக்கு 104, எங்கள் பக்கத்து இந்தியாவுக்கு 77, ஒல்லாந்துக்கு 38, உங்கள் நோர்வேக்கு 31, ஆஸ்திரியாவுக்கு 11. நீங்கள் எந்த உயரத்திலிருந்து எந்தப் பள்ளத்துக்குக் குதிக்க வேண்டியிருக்கிறது என்று தெரிகிறதல்லவா?

ஆனால் இந்த எண்களை வைத்து ஆளை எடைபோடாதீர்கள். ஜேர்மனிக்கு அவர் கொடுத்தது 35; கிட்டத்தட்ட நோர்வே மாதிரி. அந்த ஜேர்மனியில்தான் வொக்ஸ்வாகன் இருக்கிறது. 2018க்குள் உலகின் முதல் கார் கொம்பனியாக வேண்டும் என்பது அவர்கள் வகுத்த தந்திரோபாயம். அமெரிக்காவில் டீசல் கார் விற்பது அதில் ஒரு பகுதி. அந்த நாட்டுப் புகைக் கட்டுப்பாட்டை, கொடுத்த செலவுக்குள் அந்த எஞ்சினால் எட்ட முடியவில்லை. முடியாது என்று மேலே போய்ச் சொல்வதைவிட, பரிசோதனை நடக்கும்போது மட்டும் புகையைக் குறைத்துக் காட்டும் மென்பொருளை எழுதுவது சுலபமாகத் தெரிந்திருக்கிறது. 2015 செப்டெம்பரில் பிடிபட்டபோது உலகம் முழுக்க 1 கோடி 10 லட்சம் கார்களில் அது இருந்தது. நாடு 35 என்றாலும் கொம்பனிக்குள் ‘யெஸ் சேர்’ இருக்கலாம் தம்பி. அதுவும் மென்பொருள் எழுதியவர்கள் வழியாக.

உங்கள் காரியத்துக்கு வருகிறேன். கூட்டத்தில் எல்லோர் முன்னிலையிலும் ‘பிழை’ என்று சொல்ல வாய் வராவிட்டால், முதல் நாளே நான்கு வரி எழுதி அனுப்புங்கள்: ‘நாளைய திட்டத்தில் எனக்கு இரண்டு இடம் யோசனையாக இருக்கிறது.’ கூட்டத்தில் அவரே ‘நீங்கள் எழுதியதைச் சொல்லுங்கள்’ என்று கேட்பார். கேட்டதற்குப் பதில் சொல்வது எங்களுக்குக் கைவந்த கலை. இன்னொன்று, அந்த நான்கு ஓம்களையும் அவருக்கு ஒருநாள் சொல்லிவிடுங்கள். அவரும் எழுதிவைத்துக்கொள்வார்.

கேள்வி: எந்தக் கொம்பனியைப் பார்த்தாலும் ‘நாங்கள் எல்லோரும் ஒரே குடும்பம்’ என்கிறார்களே, உண்மையா?
– சுன்னாகம் வாசகி

பதில்: குடும்பத்தில் ஆட்குறைப்பு இல்லை. குடும்பத்தில் மேலதிக நேரக் கொடுப்பனவும் இல்லை. அவர்கள் எதை நினைத்துச் சொல்கிறார்கள் என்று விசாரித்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: நான் உயர்தர வணிகப் பிரிவு மாணவி. ‘கலாசாரம் தந்திரோபாயத்தைக் காலைச் சாப்பாடாகச் சாப்பிட்டுவிடும்’ என்று முகாமைத்துவ அறிஞர் பீற்றர் ட்ரக்கர் சொன்னதாக ரியூசன் சேர் சொன்னார். இதற்கு ஓர் உதாரணம் தருவீர்களா?
– நெல்லியடி மாணவி

பதில்: முதலில் ட்ரக்கரை விடுங்கள் பிள்ளை. அவர் எழுதிக் குவித்த எதிலும் அந்த வசனம் இருக்கும் இடத்தை ஒருவராலும் காட்ட முடியவில்லை. பரீட்சைத் தாளில் அவர் பெயரைப் போட்டுவிடாதீர்கள். எவ்வளவு கெட்டிக்காரத் திட்டம் போட்டாலும் ஆட்களின் பழக்கவழக்கம் அதை விழுங்கிவிடும் என்பதுதான் வசனத்தின் பொருள்.

உதாரணத்துக்கு எல்லோரும் எடுப்பது வோல்மார்ட் என்ற அமெரிக்கப் பெருங்கடைக் கொம்பனி ஜேர்மனிக்குப் போன கதை. 1997இல் அங்கே 21 கடைகள் கொண்ட ஒரு வலையமைப்பை வாங்கினார்கள். அடுத்த வருடம் இன்னும் 74. அமெரிக்காவில் செய்வதுபோலவே வாசலில் வரவேற்க ஆள், காசாளர் சிரிக்க வேண்டும், காலையில் ஊழியர்கள் கூடிக் கொம்பனி கோஷம் போட வேண்டும், வாங்கிய சாமானைப் பையில் போட்டுக் கொடுக்க வேண்டும். ஜேர்மன்காரர்களுக்குத் தங்கள் உருளைக்கிழங்கை இன்னொருவர் தொடுவது பிடிக்கவில்லை. முன்பின் தெரியாத காசாளர் பல்லைக் காட்டினால் என்ன எண்ணமோ என்று நினைத்தார்கள். ஊழியர்களுக்குள் காதல் கூடாது என்ற ஒழுக்க விதியையும் கொண்டுபோனார்கள். 2005இல் நீதிமன்றம் அதைச் செல்லாது என்றது. 2006இல் மிஞ்சியிருந்த 85 கடைகளையும் உள்ளூர்ப் போட்டிக் கொம்பனியான மெட்ரோவுக்கு விற்றுவிட்டு வெளியேறினார்கள்.

சிரிப்புக் கதை சொல்லச் சுவையாக இருப்பதால் எல்லோரும் அதோடு நிறுத்திவிடுகிறார்கள். எனக்கு அதில் முழு உடன்பாடில்லை. வோல்மார்ட்டின் தந்திரோபாயம் எல்லா நாளும் மலிவு விலை. ஜேர்மனியிலோ அல்டி, லிடில் என்று மலிவுக்கே பிறந்த கடைகள் தெருவுக்குத் தெரு இருந்தன. கொள்விலைக்குக் கீழே விற்றுப் பார்த்தார்கள். அரச போட்டி ஆணையம் 2000இல் சில சாமான்களின் விலையைக் கூட்டச் சொல்லிவிட்டது. விலையில் வெல்ல முடியாத கடையில் சிரித்தால் என்ன, சிரிக்காவிட்டால் என்ன? காசாளர் சிரிக்காமலே இருந்திருந்தாலும் தோற்றிருப்பார்கள் என்பது என் கணக்கு. உங்கள் சேரோடு இதில் வாதாடிப் பாருங்கள், அவருக்கும் பொழுது போகும்.

எதிர்ப்பக்க உதாரணம் உங்கள் அம்மம்மாவின் அறையிலேயே இருக்கும், துணி போர்த்தி. சிங்கர் தையல் மெசின். அந்த அமெரிக்கக் கொம்பனி இலங்கைக்கு வந்தது 1877இல். ஒரேயடியாகக் காசு கொடுத்து வாங்க முடியாதவர்களுக்குத் தவணையில் கொடுப்பது அவர்கள் தங்கள் ஊரில் 1850களிலேயே தொடங்கிய உபாயம். அதை இங்கே மாற்ற வேண்டிய தேவையே வரவில்லை. சீட்டுப் பிடித்துப் பழகிய எங்கள் ஆச்சிமாருக்கு மாதா மாதம் எண்ணிக் கட்டுவது புதிதா? தந்திரோபாயம் கடல் கடந்து வந்து, அதே பழக்கம் உள்ள வீட்டுக்குள் நுழைந்துவிட்டது. சீதனச் சாமான்களில் ஒன்றாகவே ஆகிவிட்டது.

கேள்வி: நான் ஸ்காபரோவில் கணக்கியல் நிறுவனம் நடத்துகிறேன். இரண்டு வருடமாக யாழ்ப்பாணத்தில் 14 பேருடன் கிளை வைத்திருக்கிறேன். எங்கள் கனடாக் கலாசாரத்தை அப்படியே நட விரும்பினேன். விழுமியங்களை எழுதிச் சுவரில் மாட்டினோம். வெள்ளிக்கிழமைகளில் எல்லோருக்கும் பீட்சா. பலனில்லை. செத்தவீடு, எட்டு, அந்தியேட்டி, நல்லூர் என்று லீவு. பிழை விட்டால் ஒளிக்கிறார்கள், கனடாவில் வாடிக்கையாளர் கண்டுபிடித்துத்தான் எனக்குத் தெரியவருகிறது. எங்கள் ஆட்களுக்குப் பொறுப்பே கிடையாதா?
– முதலாளி, ஸ்காபரோ

பதில்: அண்ணா, முதலில் பீட்சா. எந்தப் பீட்சா? உங்கள் கிளையில் வேலை செய்யும் ஒரு பிள்ளையை இங்கே ஒரு கலியாண வீட்டில் கண்டேன் (யாழ்ப்பாணம் சின்ன ஊர்). கோழி போட்டதாம். வெள்ளிக்கிழமையில் உங்கள் கிளையில் எத்தனை பேர் மச்சம் சாப்பிடமாட்டார்கள் என்று கேட்டீர்களா? ஒன்பது பேர். இரண்டு வருடமாக அவர்கள் ‘தாங்க் யூ சேர்’ சொல்லிப் பெட்டியை வாங்கி, வீதியில் போகிற ஆட்டோக்காரருக்குக் கொடுத்துக்கொண்டிருக்கிறார்கள். கோழி போட்ட பீட்சாவைப் பற்றியே உங்களிடம் வாய் திறக்காதவர்கள், கணக்கில் விட்ட பிழையை வந்து சொல்வார்கள் என்று எப்படி எதிர்பார்த்தீர்கள்?

வெட்கப்பட வேண்டாம், பெரிய ஆட்களும் இதைத்தான் செய்தார்கள். டிஸ்னி 1992இல் பாரிசுக்குப் பக்கத்தில் பூங்கா திறந்தபோது உள்ளே வைன் கிடையாது என்றது. பிரெஞ்சுக்காரரைப் பகல் சாப்பாட்டுக்கு வைன் இல்லாமல் இருத்திவைத்தார்கள். ஒரு வருடம் பொறுத்து, 1993இல் விதியைத் தளர்த்தினார்கள். விதி இல்லாமல் போனதால் டிஸ்னி டிஸ்னியாக இல்லாமல் போய்விடவில்லை. உங்கள் கொம்பனியிலும் கைவைக்கக் கூடாத விதிகள் உண்டு: வாடிக்கையாளரின் கணக்கு வெளியே போகக் கூடாது, கெடு தவறக் கூடாது, எண்ணைத் திருத்தி எழுதக் கூடாது. இவை ஸ்காபரோவிலும் ஸ்ரான்லி வீதியிலும் ஒன்றுதான். பீட்சா அந்த வகையில் சேராது.

அடுத்தது லீவு. உங்கள் வாடிக்கையாளருக்கு வரிப் படிவம் கட்டவேண்டிய கெடு ஏப்ரல் 30. நல்லூர்த் திருவிழா 25 நாளும் வருவது ஆகஸ்ட் மாதத்தை ஒட்டி. கலண்டரை எடுத்துப் பாருங்கள், இரண்டும் முட்டவே இல்லை. உங்கள் வேலை தூங்கும் காலத்தில்தான் கந்தன் தேர் ஏறுகிறான். ஏப்ரலில் முட்டுவது சித்திரை வருடப் பிறப்பு ஒன்றுதான், அதற்கு இரண்டு நாள். ஆகஸ்டில் தாராளமாகக் கொடுத்து, ஏப்ரலில் இறுக்கிப் பிடியுங்கள். வருடத் தொடக்கத்திலேயே எழுதிக் கொடுத்துவிட்டால் ஒருவரும் முகம் சுளிக்கமாட்டார்கள். செத்தவீட்டுக்கு மட்டும் திட்டம் போட முடியாது. இங்கே சித்தப்பாவின் மச்சான் செத்தாலும் போகாமல் இருக்க முடியாது. ஒவ்வொரு வாடிக்கையாளரின் கோப்பையும் இரண்டு பேருக்குத் தெரிந்ததாக வைத்தால் எட்டுக்கும் போகலாம், வேலையும் நிற்காது.

எங்கள் ஆட்களுக்கு நேரம் தெரியாது என்று அடுத்த கடிதத்தில் எழுதுவீர்கள், அதற்கும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். நல்லூரில் மணி அடிக்கும் நேரத்தை வைத்துக் கடிகாரத்தைத் திருத்தலாம். எந்தப் பெரிய மனிதர் வந்தாலும் பூசை காத்திருக்காது, ஆண் என்றால் சேட்டைக் கழற்றாமல் உள்ளே விடமாட்டார்கள். அர்ச்சனைச் சிட்டை நீண்டகாலமாக ஒரே ஒரு ரூபாய். அதே ஊர், அதே ஆட்கள்தானே அங்கே வரிசையில் நிற்கிறார்கள்?

இப்போது பொறுப்பு. கலிபோர்னியாவில் ஃபிரீமொன்ட் என்ற இடத்தில் ஜெனரல் மோட்டோர்சுக்கு ஒரு கார் தொழிற்சாலை இருந்தது. அந்தக் கொம்பனியிலேயே மோசமான ஆட்கள் அங்கேதான் என்று பெயர். வேலைக்கு வராதவர்கள், வேலை நேரத்தில் குடித்தவர்கள், வேண்டுமென்றே காரைப் பழுதாக்கியவர்கள். 1982இல் இழுத்து மூடினார்கள். 1984இல் டொயோட்டாவோடு கூட்டுச் சேர்ந்து அதையே திரும்பத் திறந்தார்கள். தொழிற்சங்கம் அதே சங்கம், தொழிலாளிகளில் பெரும்பாலோர் பழைய ஆட்கள். ஜப்பானுக்கு அனுப்பிப் பழக்கினார்கள். கார் நகர்ந்து போகும் வரிசைக்கு மேலே ஒரு கயிறு. பிழை கண்டால் யாரும் இழுக்கலாம். இழுத்தால் மேற்பார்வையாளர் ஓடிவந்து ‘என்ன உதவி வேண்டும்?’ என்று கேட்பார், உடனே தீராவிட்டால் வரிசையே நிற்கும். முன்பு அங்கே வரிசையை நிறுத்தியவனுக்கு வேலை போகும். கொஞ்சக் காலத்திலேயே அந்தத் தொழிற்சாலைக் கார்கள் ஜப்பானில் செய்தவைக்குக் கிட்ட வந்துவிட்டன.

கதையின் மிச்சம்தான் உங்களுக்கு முக்கியம். ஜெனரல் மோட்டோர்ஸ் தன் மற்றத் தொழிற்சாலைகளுக்கும் இதைக் கொண்டுபோகப் பார்த்தது. கயிற்றைக் கட்டினார்கள், இழுத்தவனுக்கு ஏச்சு விழுந்தது. யார் பிறகு இழுப்பான்? உங்கள் சுவரில் மாட்டிய விழுமியங்களும் அப்படிக் கட்டிய கயிறுதான்.

நீங்கள் ஒன்று செய்யுங்கள். அடுத்த வீடியோ கூட்டத்தில், கனடாவில் தொழில் தொடங்கிய காலத்தில் நீங்கள் விட்ட பெரிய பிழை ஒன்றைச் சொல்லுங்கள். எவ்வளவு டொலர் போனது, யார் ஏசினார்கள், எல்லாம். பிறகு முதன்முதலாக எந்தப் பிள்ளையாவது தன் பிழையை வந்து சொல்லும். அந்த நேரத்தில் உங்கள் முகம் எப்படி இருக்கிறது என்பதை மற்றப் பதின்மூன்று பேரும் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

பக்கத்திலேயே பார்க்க வேண்டுமானால் கிளிநொச்சிக்குப் போய்வாருங்கள். மாஸ் என்ற உள்நாட்டு ஆடைக் கொம்பனி, உலகப் பெயர்பெற்ற கடைகளுக்குத் தைப்பவர்கள், தொழிற்சாலைகளுக்கு விடியல், வானவில் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். பிள்ளைகள் ஊரைவிட்டுப் போகாமல் தொழிற்சாலை ஊருக்கு வர வேண்டும் என்பது அவர்கள் பல காலமாகப் பிடித்துவரும் வழி. குறை இல்லை என்று சொல்லவில்லை. தையல் இலக்கைப் பற்றி அந்தப் பிள்ளைகளைக் கேட்டால் ஒரு பாட்டம் சொல்வார்கள். ஆனால் வந்த ஊரின் மொழியில் பெயர்ப்பலகை வைக்கத் தெரிந்திருக்கிறது.

கேள்வி: என் தாத்தா காலியில் சுருட்டுக் கடை வைத்திருந்தவர். நிறுவனக் கலாசாரம் என்றெல்லாம் இப்போது பெரிதாகக் கதைக்கிறார்களே, எங்கள் ஆட்களிடம் அது இருக்கவில்லையா?
– புங்குடுதீவு, தற்போது நல்லூர்

பதில்: இல்லாமலா? என் பெரியப்பாவும் மாத்தறையில் கடை வைத்திருந்தவர்தான். ஊரிலிருந்து சொந்தக்காரப் பெடியனைப் பதின்மூன்று வயதில் கூட்டிக்கொண்டுபோவார்கள். கடையிலேயே சாப்பாடு, கடையிலேயே படுக்கை. சம்பளம் கைக்கு வராது, முதலாளியின் கொப்பியில் ஏறும். ஊருக்கு வரும்போதும் தங்கச்சிக்குக் கலியாணம் என்றாலும் மொத்தமாகக் கிடைக்கும். பெடியன் முதலில் சிங்களம் பழகுவான், பிறகு புகையிலையின் மணம் பழகுவான், பத்து வருடத்தில் கல்லாப்பெட்டிச் சாவி கைக்கு வரும். பிறகு வேறு ஊரில் அவனுக்கே ஒரு கடை. ஒப்பந்தம் இல்லை, கணக்காய்வு இல்லை. ஊரில் அவனுடைய தாய் இருக்கிறாள் என்பதுதான் பிணை.

சரக்கையும் ஊருக்கு ஊர் மாற்றத் தெரிந்தவர்கள். அந்தக் காலத்தில் திருவிதாங்கூருக்குப் போன புகையிலைக்கு ‘மலையாளப் புகையிலை’ என்றே பெயர். அந்த ஊர்க்காரர் வாய்க்கு ஏற்றபடி பதப்படுத்தியது. சுருட்டுக்கு வேறு. சந்தைக்கேற்ற உற்பத்தி என்று நெல்லியடிப் பிள்ளை பாடப்புத்தகத்தில் படிப்பது இதைத்தான்.

ஆனால் ஒரு குறையையும் சொல்ல வேண்டும், உங்கள் தாத்தா மன்னிப்பார். நம்பிக்கை சொந்தத்தோடு முடிந்துவிடும். பெரியப்பாவிடம் ஒரு காலிக்காரர், சிங்களவர், இருபத்திரண்டு வருடம் வேலை செய்தார். சரக்கை மூக்கால் தரம் பிரிக்கத் தெரிந்தவர், பெரியப்பாவின் தம்பியைவிடக் கெட்டிக்காரர். சாவி அவர் கைக்குப் போகவே இல்லை. எத்தனை தம்பி, எத்தனை மருமகன் இருக்கிறார்களோ அத்தனை கடைதான் திறக்க முடியும். 1958இல் ஒருதரமும் 1983இல் இன்னொருதரமும் கடை எரிந்தது; அதன்பிறகு திறக்கவில்லை. எரிந்த அன்று இரவு பெரியப்பாவைத் தன் வீட்டில் ஒளித்துவைத்தவர் அந்தக் காலிக்காரர்தான்.

கேள்வி: நான் வேலை செய்யும் கொம்பனியை வெளிநாட்டுக் கொம்பனி ஒன்று வாங்கிவிட்டது. ‘ஒன்றும் மாறாது, இரண்டு பேரும் சமம்’ என்று கொழும்பிலிருந்து கடிதம் வந்திருக்கிறது. யாழ்ப்பாணக் கிளையில் இருக்கும் நாங்கள் நம்பலாமா?
– கஸ்தூரியார் வீதி

பதில்: ‘சமம்’ என்ற சொல் வந்தாலே எனக்குக் காது குத்தும். 1998இல் ஜேர்மனியின் டைம்லர் பென்சும் அமெரிக்காவின் கிரைஸ்லரும் சேர்ந்தபோது ‘சமமானவர்களின் இணைப்பு’ என்றுதான் அறிவித்தார்கள். கிட்டத்தட்ட 3,600 கோடி டொலர். இரண்டு வருடத்தில் ஜேர்மன் தலைவரே, கிரைஸ்லரை ஒரு பிரிவாக வைத்திருப்பதுதான் தன் எண்ணம் என்று பத்திரிகைக்குச் சொல்லிவிட்டார். கிரைஸ்லரின் பெரியவர்கள் ஒவ்வொருவராகப் போனார்கள். 2007இல் அதில் 80 வீதத்தைச் சொற்ப விலைக்குத் தள்ளிவிட்டார்கள். ஒருபக்கம் எல்லாவற்றையும் கோப்புப் போட்டு நுணுக்கமாகச் செய்கிற பென்ஸ், மறுபக்கம் மலிவாக, வேகமாக, துணிந்து செய்கிற கிரைஸ்லர். யார் சொல்வதை யார் கேட்பது என்பதைப் பற்றி மட்டும் கடிதத்தில் ஒன்றும் எழுதவில்லை.

எல்லா இடத்திலும் இப்படி முடிவதில்லை. டாட்டா 2008இல் ஜாகுவாரையும் லாண்ட் ரோவரையும் 230 கோடி டொலருக்கு வாங்கியது. வாங்கியவர் பம்பாய்க்காரர் என்பதற்காகக் காரில் ஒன்றையும் மாற்றவில்லை. ஆங்கிலேயர் வடிவமைத்தார்கள், இவர்கள் காசைக் கொடுத்துப் பொறுத்திருந்தார்கள். சீனாவின் லெனோவோ 2005இல் ஐபிஎம்மின் கணினிப் பிரிவை வாங்கியபோது அலுவலக மொழி ஆங்கிலம் என்றது. வாங்கிய கொம்பனியின் தலைவரே குடும்பத்தோடு அமெரிக்கா போய் மொழி படித்தார். வாங்கியவர் படிக்கப் போவது அபூர்வம்.

ஆகவே கடிதத்தை வைத்துவிட்டு விமானச் சிட்டையைப் பாருங்கள். முதல் ஆறு மாதத்தில் அவர்கள் இங்கே வந்து இருந்து பார்க்கிறார்களா, உங்கள் ஆட்கள்தான் அங்கே போய்ப் பாடம் கேட்கிறார்களா? டுபாயில் எங்கள் அலுவலகத்தை விற்றபோது வந்தவர்கள் முதல் நாளே தேத்தண்ணீர் மெசினை மாற்றினார்கள். எங்களைக் கேட்கவில்லை. அடுத்த வருடம் ஊருக்கு வந்துவிட்டேன்.

கேள்வி: என் முகாமையாளர் ஜேர்மன்காரர். ஆகஸ்டில் யாழ்ப்பாணம் வருகிறார். நல்லூர்த் தேருக்குக் கூட்டிக்கொண்டுபோக ஆசை. மேலுடம்பில் சேட் இல்லாமல்தான் உள்ளே போகலாம் என்று அவருக்கு எப்படிச் சொல்வது? கூச்சமாக இருக்கிறது.
– கோண்டாவில்

பதில்: நேராகச் சொல்லுங்கள், அவருக்கு அதுதான் பிடிக்கும். கூச்சம் உங்களுக்குத்தான், அவருக்கு இல்லை. எழுதியே அனுப்பிவிடுங்கள்: வேட்டி, சேட் கழற்ற வேண்டும், செருப்பை எங்கே விடுவது, ஒரு போத்தல் தண்ணீர், வெயிலுக்கு முன்னரே வர வேண்டும். ‘ஏழு மணிபோல வாங்கோ’ என்று மட்டும் எழுதாதீர்கள். மணியைச் சரியாகக் குறிப்பிடுங்கள். அவர் அதற்கு ஐந்து நிமிடம் முன்பே வந்து நிற்பார், தேரும் நேரத்துக்குப் புறப்பட்டுவிடும். பிந்தி வருவது நீங்களாக இருக்கக் கூடாது.